உள்ளேயே காணாமல் போன முப்பத்தேழு புத்தகங்கள்

புத்தகத்துக்கு எண் போடுவது, பதிவேட்டில் ஏற்றுவது, கிழிந்ததைக் கழிப்பது எல்லாம் உங்களுக்கு இந்தப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. எனக்கே பாதி மறந்துவிட்டது. மாவட்ட நூலக அலுவலர் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவள் நான். அதில் சரியாகச் செய்ததை எல்லாம் பிரிவு உபசார விழாவிலேயே மாலை போட்டுச் சொல்லிவிட்டார்கள். தப்பாகச் செய்ததை நான்தான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். திருநெல்வேலியில் என் ஜீப் கிளம்பினால், நான் போய்ச் சேருவதற்கு முன்பே அந்தச் சாலையில் இருக்கிற கிளைகளுக்கெல்லாம் 'அம்மா வாறாங்க' என்று தகவல் போய்விடும். நான் இறங்கும்போது தரை கூட்டியிருக்கும், நாளிதழ்கள் அடுக்கியிருக்கும், நூலகர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தபடி வாசலில் நிற்பார். அதைப் பார்த்து, நிர்வாகம் என்றால் இதுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பாபநாசம் போகிற சாலையில், ஆற்றை ஒட்டிய ஊர் ஒன்றில் ஒரு கிளை நூலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கிளையின் நூலகர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கு அப்போது அவர் ஒரு கோப்பு, அவ்வளவுதான்.

கோப்பு தொடங்கியது ஒரு மொட்டைக் கடிதத்தில். நூலகர் போட்டித் தேர்வுப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைக்கு விற்றுவிட்டார், அதிலும் கணக்குப் பாடப் புத்தகம் கேட்டால் கிடைப்பதே இல்லை என்று அழகான கையெழுத்தில் ஒரு பக்கம். பெயர் போடாத கடிதத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பார்கள். ஆனால் ஒருவர் ஓய்வு பெறுகிற மாதத்தில் வருகிற மொட்டைக் கடிதத்தைக் குப்பையில் போட எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது. எனக்கும் வரவில்லை. இரண்டு பேரை அனுப்பி இருப்பைச் சரிபார்க்கச் சொன்னேன்.

இங்கேதான் என் தப்பு. ஆயிரக்கணக்கில் புத்தகம் உள்ள நூலகம் அது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்கப் பத்து நாளாவது வேண்டும். நான் கொடுத்தது இரண்டு நாள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? தேர்வுப் புத்தக அடுக்கில் மட்டும் கறாராகப் பார்த்தார்கள். கோழி வளர்ப்பு, பனைத் தொழில் மாதிரி ஆள் அண்டாத அடுக்குகளில் முன்வரிசையை மட்டும் எண்ணிவிட்டு நகர்ந்தார்கள். முப்பத்தேழு புத்தகங்கள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

முப்பத்தேழு புத்தகம் குறைந்தால் என்ன ஆகும் என்று புதியவர்களான உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடைசி நாளன்று மாலை போடுவதற்குப் பதிலாகப் பணியிடை நீக்கம் என்று ஒரு தாள் கையில் வரும். பிறகு விசாரணை. அது எப்போது முடியும் என்று தொடங்குகிறவருக்கே தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே ஊரில் புத்தகம் கொடுத்து வாங்கிய மனிதர், மிச்சக் காலமெல்லாம் அதே ஊரில் 'புத்தகத்த வித்தவரு' என்ற பேரோடு நடக்க வேண்டும். மேலிடத்தில் வெள்ளிக்கிழமை மாலைக்குள் என் அறிக்கையைக் கேட்டார்கள். அவர் ஓய்வு பெறும் நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கிளைக்கு வார விடுமுறை வெள்ளி, ஞாயிறு வேலை நாள்.

வியாழக்கிழமை காலை போய் இறங்கினேன். வாசலில் யாரும் நிற்கவில்லை. உள்ளே முப்பது பேருக்கு மேல் தலையைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி தன் மேசையில் ஒரு புத்தகத்தின் முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கை பூராவும் பசை.

"முப்பத்தேழு புத்தகம் எங்க சார்?" என்றேன். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

"உள்ளதாம்மா இருக்கு."

"உள்ள எங்க?"

"அது எனக்குத் தெரியாது. ஒளிச்சு வச்சவங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் மெதுவாக ஒரு துணியில் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "கணக்குப் புத்தகம் இருக்கதே ரெண்டு. படிக்க ஆளு முப்பது பேரு. இன்னைக்குப் படிச்சுட்டு எடத்துல வச்சா நாளைக்கு அவனுக்குக் கெடைக்காது. அதனால போவும்போது வேற அடுக்குல, பின்னால சொருகிட்டுப் போயிருதாவ. மறுநா வந்து அங்கனயே எடுத்துக்கிடுதாவ."

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"கண்ணுல பட்டா எடுத்து எடத்துல வைப்பேன். மறுநா வேற பொந்து பாத்து வைக்காவ. ஒரு கட்டத்துக்கு மேல நானும் விட்டுட்டேன். அது என் தப்புதான்."

மொட்டைக் கடிதத்தை நீட்டினேன். நிதானமாக இரண்டு முறை படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "எழுத்து நல்லா இருக்கும்மா" என்றார். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அதிகாரி இல்லையா, உடனே ஒரு திட்டம் சொன்னேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, விடுமுறை. நான் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாறேன். கதவைச் சாத்திட்டு ஒவ்வொரு அடுக்கா எறக்கிப் பாத்துருவோம். இருந்தா தப்பிச்சீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு வேண்டாம்மா. நாளைக்குத் திறக்கணும்."

"விடுமுறைன்னு சொல்லுதேன்."

"விடுமுறைதான். நாலு மாசமா வெள்ளிக்கிழமையும் திறந்துட்டுத்தான் இருக்கேன்."

முப்பத்தேழு புத்தகத்துக்கு மேல் இது ஒரு புதுக் குற்றச்சாட்டு. அதையும் அவரே தட்டில் வைத்து நீட்டுகிறார். எனக்குக் கோபம் போய்க் குழப்பம் வந்துவிட்டது. அவர் தொடர்ந்தார். "ஞாயித்துக்கிழம பரிச்ச. வீட்டுல உக்காந்து படிக்க எடம் இருந்தா இவங்க ஏன் இங்கன வாறாங்க? கடைசி நேரத்துல பூட்டினா எங்க போவாங்க? நீங்க ஞாயித்துக்கிழம வாங்க. எல்லாரும் பரிச்சைக்குப் போயிருவாங்க, நூலகம் காலியா இருக்கும். எவ்வளவு வேணும்னாலும் எறக்கிப் பாருங்க."

"வெள்ளிக்கிழமை நான் அறிக்கை கொடுத்தாகணும். உங்க வேலை போயிரும் சார்."

"அது ஞாயித்துக்கிழமையோட போவத்தானம்மா செய்யும்."

நான் சிரிக்கவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் நம்பவில்லை. விற்றுவிட்டு நாள் கடத்துகிறார் என்றே மனதின் ஒரு பாதி சொன்னது. அதனால் வெள்ளிக்கிழமை ஜீப்பை விட்டுவிட்டுப் பேருந்தில் போனேன். முகம் தெரியாமல் இருக்கப் பின்னால் ஒரு மூலையில், நாளிதழை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடுமுறை நாளில் நூலகம் நிறைந்திருந்தது. விசிறிச் சத்தத்தையும் தாள் புரட்டும் சத்தத்தையும் தவிர ஒன்றும் இல்லை.

பத்து மணிக்கு ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அடுக்குகளைப் பார்க்கக்கூட இல்லை, நேரே கோழி வளர்ப்பு அடுக்குக்குப் போனாள். முன்வரிசைக்குப் பின்னால் கையை விட்டாள். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். "இது எந்த அடுக்குப் புத்தகம்?" என்றேன். என் குரல் எப்படிப்பட்டது என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. "மேடம், நான் களவாங்கல" என்றாள் மெதுவாக. "மலையில எஸ்டேட்ல இருந்து எறங்கி வந்தோம். இங்கன வாடக வீடு. ரேஷன் அட்டையில இன்னும் மலையில உள்ள விலாசம்தான் இருக்கு, உறுப்பினராச் சேர முடியல. வீட்டுக்குக் கொண்டுட்டுப் போவ முடியாது. காலையில பீடி சுத்திக் கொடுத்துட்டு வாறதுக்குள்ள ரெண்டு புத்தகமும் போயிருது. ஞாயித்துக்கிழம வரைக்குந்தான் மேடம்."

பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. ஆனால் தாள் புரட்டும் சத்தம் நின்றுவிட்டது. அத்தனை பேருக்கும் காது என் பக்கம் இருந்தது, ஏனென்றால் அத்தனை பேரும் ஏதோ ஓர் அடுக்குக்குப் பின்னால் எதையோ வைத்திருந்தார்கள்.

அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள். குரலை ஒரு படி உயர்த்தி, எல்லோரும் ஒளித்து வைத்ததை எடுத்து மேசையில் வையுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முப்பத்தேழும் வந்திருக்கும். மாலைக்குள் அறிக்கை போயிருக்கும். அண்ணாச்சி தப்பித்திருப்பார். நானும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருப்பேன். அந்தப் பெண் மட்டும் எழுந்து போயிருப்பாள், அவளோடு இன்னும் பத்துப் பேர் போயிருப்பார்கள், பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது. வாய் வரை வந்த சொல்லை எப்படி விழுங்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தன் மேசையருகே எழுந்து நின்றுகொண்டிருந்தார். தனக்கு என்ன ஆகும் என்பதற்காக அவர் நிற்கவில்லை, அந்தப் பெண்ணுக்காக நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"படிம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாலையில் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அறிக்கை எங்கே என்றார்கள். திங்கட்கிழமை காலையில் தருகிறேன் என்றேன். ஏன் என்றார்கள். புத்தகங்கள் நூலகத்துக்கு உள்ளேயே இருக்கின்றன என்றேன். முப்பத்தேழையும் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஒன்றைப் பார்த்தேன் என்றேன். பிறகு, "திங்கட்கிழமை கணக்கு உதைத்தால் அவர் கோப்போடு உங்கள் கோப்பும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை மறுபடி அங்கே போய், புத்தகங்களைக் கேட்டு ஓர் அறிவிப்பு எழுதி ஒட்ட நினைத்தேன். 'கடும் நடவடிக்கை' என்று தொடங்கி இரண்டு வரி எழுதியும் விட்டேன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, "நானே சொல்லிக்கிடுதேன்மா" என்றார். அன்று மாலை, எல்லோரும் கிளம்புகிற நேரத்தில், அவர் வாசலருகே நின்று பேசினார். நான் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு எனக்குக் கடைசி நாளு. முப்பத்தேழு புத்தகத்தக் காணும்னு எழுதியிருக்காங்க. எல்லாம் இங்கனதான் கெடக்குன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நாளைக்கு நாங்க தேடுவோம். தேடியும் ஆம்புடாதத, யாரு கையால வச்சதோ அவங்களாப் பாத்து எடுத்துக் கொடுத்துட்டுப் போங்க. பரிச்சைய நல்லா எழுதிட்டு வாங்க. யாரு எங்க வச்சீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். பரீட்சை முடிந்த பிறகு யார் நூலகத்துக்கு வரப்போகிறார்கள் என்று எனக்குள் கவலை பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் திருநெல்வேலியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நானும், அண்ணாச்சியும், முதலில் கணக்கெடுத்த அந்த இரண்டு பேரும் அடுக்குகளை இறக்கினோம். முதல் அரைமணியிலேயே கோழி வளர்ப்புக்குப் பின்னால் ஐந்து புத்தகம் வந்தது. பனைத் தொழிலுக்குப் பின்னால் நான்கு. சித்த மருத்துவம் ஒரு சுரங்கமே. நாளிதழ் மேசையின் அடிப்பலகையில் இரண்டு செருகியிருந்தது. தூசியில் எல்லோரும் தும்மிக்கொண்டே சிரித்தோம். மதியத்துக்குள் இருபத்தோரு புத்தகம் கிடைத்தது. அது போக நான்கு புத்தகங்கள் பட்டியலிலேயே இல்லை. பார்த்தால், அண்ணாச்சிக்கு முந்தைய நூலகர் காலத்தில் தொலைந்ததாக எழுதிக் கழித்தவை. காணாமல் போனதற்குப் படிவம் இருக்கிறது, கூடுதலாகக் கிடைத்ததற்குப் படிவம் இல்லை. நான் அந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

இன்னும் பதினாறு வேண்டும். இரண்டு மணி வரை தேடினோம். ஒன்றுகூட அகப்படவில்லை. அண்ணாச்சி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, யாருக்கும் இறங்கவில்லை. அவர் மட்டும் சாப்பிட்டார். "பஸ்ஸு வரணும்லாம்மா" என்றார். எந்த பஸ் என்று நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் அந்த எஸ்டேட் பெண் வந்தாள். கையில் தேர்வு நுழைவுச்சீட்டு, நெற்றியில் வேர்வை. அவளுக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு பேர், பேருந்திலிருந்து நேரே வந்திருந்தார்கள். ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒருவன் மின்மீட்டர்ப் பெட்டிக்கு மேலிருந்து எடுத்தான். ஒருத்தி பழைய நாளிதழ்த் தொகுப்புகளைப் பிரித்து நடுவிலிருந்து எடுத்தாள். இன்னொருவன் பீரோவைச் சற்று நகர்த்தச் சொன்னான். நாங்கள் நாலு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மேசையில் பதினைந்து புத்தகங்கள் சேர்ந்தன.

ஒன்று குறைந்தது. இந்திய வரலாறு, இரண்டாம் தொகுதி. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு மணி ஆயிற்று. நான்கரை ஆயிற்று. ஒரு புத்தகம்தானே என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஒன்று குறைந்தாலும் குறைந்ததுதான். படிவத்துக்கு இரக்கம் கிடையாது.

ஐந்து மணிக்கு வாசலில் ஒருவர் வந்து தயங்கி நின்றார். முப்பது வயதைத் தாண்டியவர். ஏழு வருடமாகப் பரீட்சை எழுதுகிறாராம், அன்றைக்கும் எழுதிவிட்டு வந்திருந்தார். உள்ளே வந்தார். அண்ணாச்சியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பீரோவின் தலையில் கையை விட்டுத் துழாவி, வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். தினமும் அண்ணாச்சியின் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

"கடுதாசி எழுதுனது நான்தான் அண்ணாச்சி" என்றார். "கணக்குப் புத்தகம் கெடைக்கவே இல்ல. வித்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும்லே" என்றார் அண்ணாச்சி. "ஏழு வருசமா வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுத. ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா? பரிச்ச எப்படி எழுதின?"

அந்த மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு அழகான கையெழுத்தில் மொட்டைக் கடிதம் எழுதுகிறவர் தானும் ஒரு புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. திட்டவில்லை. அன்றைக்கு நான் நிறைய விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை திறந்த விஷயம் மிச்சம் இருந்தது. அறிக்கையில், தேர்வர்களின் நலன் கருதி என் வாய்மொழி அனுமதியின் பேரில் திறக்கப்பட்டது என்று எழுதினேன். அது சுத்தப் பொய். நீங்கள் யாரும் அப்படி எழுதக் கூடாது. அடுத்த மாதமே விடுமுறை நாள் திறப்புக்கு முறையாக அனுமதி வாங்கி, அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டேன்.

கடைசியாகப் பொறுப்பு ஒப்படைப்புச் சான்று. புது நூலகர் இன்னும் நியமிக்கப்படவில்லை, நானே பொறுப்பை ஏற்க வேண்டும். அதில் ஒரு வரி உண்டு: நூல்கள் அனைத்தும் பதிவேட்டோடு சரிபார்க்கப்பட்டன, குறைவு இல்லை. முப்பத்தேழு வந்துவிட்டது, சரி. ஆனால் நான் இரண்டு நாளில் எடுக்கச் சொன்ன கணக்கே அரைகுறை என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். மற்ற ஆயிரக்கணக்கான புத்தகங்களை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அதில் ஐம்பது குறைந்தால் அந்த ஐம்பதும் என் தலையில்.

நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கிப் படித்தார். "அம்மா, மத்தத எண்ணலையே" என்றார்.

"நீங்க எண்ணியிருப்பீங்கல்லா அண்ணாச்சி." முதல் தடவையாக நானும் அவரை அப்படிக் கூப்பிட்டேன்.

"நான் தெனமும் பாக்கத்தான் செய்யுதேன்."

"பெறவென்ன."

என் சத்தத்துக்கும், மொட்டைக் கடிதத்துக்கும், வேலை போய்விடும் என்றதற்கும் மாறாத முகம் அப்போது மாறியது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். இரண்டு அரசு ஊழியர்கள் ஒரு படிவத்தை நடுவில் வைத்துக்கொண்டு அழுததைப் பதினான்கு தேர்வர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எண்ணாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதை உங்களுக்கு யார் வந்து வகுப்பு எடுத்தாலும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். என் பணிக்காலம் முழுவதும் ஒரே ஒரு தடவைதான் அதை மீறினேன், யாருடைய கணக்கு என்று பார்த்துவிட்டு மீறினேன். அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.